காளிராஜ் விட்டுப்போன அடி

காளிராஜ் செத்து ஒன்பது வருடமாகிறது, அவன் கடைசியாக ஓங்கிய அடி மட்டும் சாகாமல் அவன் வீட்டிலேயே குடியிருந்தது. கை கிடையாது, ஆள் கிடையாது, வெறும் அடி. வாசற்படி தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கிறவர் மாமனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும், கரண்டுக் கணக்கெடுக்க வந்தவராக இருந்தாலும், ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டபடி வந்தவராக இருந்தாலும், இடது கன்னத்தில் பளீரென்று ஒன்று விழும். விழுந்ததும் அது திரும்பிப் போய் அடுப்படிக்கும் தூணுக்கும் நடுவில், காளிராஜின் தோள் உயரத்தில், அடுத்த ஆளுக்காகக் காத்து நிற்கும். ஆம்பளைக்கு விழுவது சிநேகிதன் தட்டுகிற மாதிரி இருக்கும். பொம்பளைக்கு விழுந்தால் பல் ஆடும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, காளிராஜ் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

எங்கள் ஊர் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். வீட்டுக்கு நாலு தறி, விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடும். நாட்டில் எவன் மண்டை உடைந்தாலும் அதில் சுற்றுகிற துணி நம் தெருத் துணியாகத்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வழக்கம் உண்டு. தறி ஓடும்போது பக்கத்து வீட்டில் என்ன கேட்டாலும் கேட்டதாகச் சொல்லக் கூடாது. ஒற்றைச் செங்கல் சுவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காளிராஜ் வீடு. கேட்டதையெல்லாம் கேட்டோம் என்று சொன்னால் காலையில் குழாயடியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாது.

ஒரு வைகாசி மத்தியானம் குழம்பில் உப்புக் குறைந்தது என்று அவன் பெண்டாட்டி சங்கரேஸ்வரியை நோக்கிக் கை ஓங்கினான். நடுவில் நின்ற அவன் அம்மா சீனியம்மாள் எப்போதும் போல ஒதுங்கி வழி விட்டாள். அரம் போட்டுக் கூராக்க அவன் தறியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த நாடா, ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற, இரண்டு முனையிலும் இரும்பு வைத்த அந்தக் கட்டை, அடுப்பு மேடையில் கிடந்தது. சங்கரேஸ்வரி அதை எடுத்து அவன் தொண்டையில் இறக்கினாள். ஒரு தடவை இல்லை, கை ஓய்கிற வரைக்கும். அவன் விழுந்தான், ஓங்கின கையும் கூடவே விழுந்தது, அடி மட்டும் விழவில்லை. நாங்கள் கட்டுக் கட்டாகத் துணியைக் கொண்டு ஓடி, படி தாண்டாமல் வாசலிலிருந்தே உள்ளே வீசினோம், அத்தனையும் நனைந்ததுதான் மிச்சம். முதல் அறை வாங்கியவர் சாக்பீஸால் கோடு போட வந்த இன்ஸ்பெக்டர். தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "யாருய்யா அது?" என்று கேட்டவர், யாரும் இல்லாததால் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டு வருடம் அவன் அவளை அடித்ததும், இரண்டு தடவை வயிற்றில் இருந்தது மிதியிலேயே கலைந்து போனதும் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுத் தறிக்காரர் குருவையா, "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்கய்யா" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். சீனியம்மாள் கூண்டில் ஏறி, "எம் மகன் ஒருநாளும் கை நீட்டுனதில்ல" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னாள். சங்கரேஸ்வரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அந்த அடியோடு பழகிக்கொண்டோம். மனிதன் எதற்குத்தான் பழகவில்லை. வாசல் ஆணியில் மடித்த பேண்டேஜ் துணி ஒரு கட்டு தொங்கும். உள்ளே போகிறவர்கள் அதைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு போவார்கள், வரும்போது ஆணியில் மாட்டிவிட்டு வருவார்கள். பல்வலிக்காரர்கள் வந்தார்கள், ஒரே அடியில் பல் விழுந்தது, டாக்டரிடம் போகிற வேலை மிச்சம் என்றார்கள். பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம், எதிர்த்துப் பேசாத பெண்ணா என்று பார்க்க, அவளை உள்ளே ஒரு நடை போய்வரச் சொன்னது. அவள் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள், தாம்பூலம் மாற்றினார்கள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களிடம், குழாய் எந்த நேரம் வரும், ரேஷன் எந்தக் கிழமை என்று சொல்லும்போதே, அந்த வீட்டில் ஒரு அடி இருக்கிறது, கொஞ்சம் கன்னத்தைத் திருப்பிக்கொண்டால் காதில் படாது என்றும் சொல்லிவைத்தோம். யாருக்காக ஓங்கிய அடி, யாரைத் தேடிக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

பெற்றவளை மட்டும் அது தொட்டதே இல்லை. சீனியம்மாள் பக்கத்தில் வரும்போது சுற்றிக்கொண்டு போகும். தாய்க்கு உள்ள மரியாதையைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி நாங்களே கண் கலங்கினோம். அவளும் ரொம்ப நாள் அதற்கு ஒரு தட்டில் சோறு போட்டு, "காளி, சாப்பிடுப்பா, கோவப்படாத" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மருமகள், ஐந்து மாதக்காரி, உறைமோர் வாங்க உள்ளே போனாள். கன்னத்தில் துணி வைக்க மறந்துவிட்டாள். அடித்த வேகத்தில் தூணில் மோதி, அடுப்படியில் குப்புற விழுந்து, அங்கேயே எல்லாம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னோம். சொன்னது நான்தான். சீனியம்மாள் அன்றைக்கு முழுக்க அந்த ரத்தத்தைத் துடைத்தாள், துடைத்து முடித்துக் காளிராஜின் தட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த அடியோடு பேசவில்லை.

போன பங்குனியில் ஜெயிலிலிருந்து கடிதம் வந்தது. குருவையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆயுள் கைதி சங்கரேஸ்வரி ஆறு நாள் பரோல் கேட்கிறாள். காரணம், வீட்டைப் பழுது பார்க்க. பரோலுக்குப் போய்த் தங்க ஒரு முகவரி வேண்டும். அவள் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று விட்டான். அவளுக்குத் தெரிந்த வேறு முகவரி உலகத்திலேயே இது ஒன்றுதான், கொலை நடந்த வீடு. நன்னடத்தை அலுவலர் வியாழக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கம் விசாரிப்பார், செத்தவன் குடும்பத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். வீடு சரியில்லை என்று அவர் எழுதினால் பரோல் இல்லை.

"அக்கா, வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார் குருவையா. "உங்க மகனக் கொன்னவ."

"எனக்கே சொல்றியா தம்பி? பக்கத்துல நின்னு பாத்தவ நான். வரட்டும்."

"உள்ள அது இருக்கே. அவளுக்குன்னு ஓங்குனதுல்ல."

சீனியம்மாள் சுண்ணாம்புக் குடத்தை எடுத்தாள்.

ஆபீசர் வருகிறார் என்றால் எங்கள் தெருவுக்குக் கல்யாண வீடு மாதிரி. பாதிப் பேருக்கு அவள் வருவதில் இஷ்டமில்லை, இருந்தாலும் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை மோசமாக எழுதிவிடக் கூடாதே என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. வெள்ளையடித்தோம். வீட்டில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, அரம், கத்தரிக்கோல், நாலு தறியின் நாடா எட்டும் குருவையா வீட்டுக்குப் போயின. சீனியம்மாள் நாலு நாள் வெங்காயத்தைக் கையால் பிய்த்துப் போட்டுச் சமைத்தாள். மாலை போட்ட காளிராஜ் படத்தை மாட்டிவைப்பதா எடுப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுக் கடைசியில் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினோம். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பழகினோம்.

மிச்சம் இருந்தது அந்த அடி. அது விழுந்து, திரும்பித் தன் இடத்துக்குப் போகிறதற்குள் இன்னொருவர் உள்ளே நுழைந்தால் தப்பிவிடலாம். அதனால் ஆண்கள் வரிசையாக முன்வாசலில் நுழைந்து, அடி வாங்கி, கொல்லை வழியாக வெளியேறி, சந்து சுற்றி மறுபடி முன்வாசலுக்கு வருவது, ஆபீசர் இருக்கிற வரை இப்படியே ஓடிக்கொண்டிருப்பது என்று குருவையா திட்டம் போட்டார். ஆம்பளைக்குத்தான் லேசாக விழுமே. ஒத்திகையில் முதல் சுற்று சிரிப்பாக இருந்தது. இரண்டாம் சுற்றில் கன்னங்கள் வீங்கின. மூன்றாம் சுற்றில் அதற்கு விஷயம் புரிந்துவிட்டது போல, ஏமாற்றுகிறவனை ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் வெளுத்தது. குருவையா இரண்டு பல்லைத் துப்பிவிட்டு, "இது சரிப்படாது" என்றார். அவர் கண்ணில் அன்றைக்கு நான் பார்த்த அதிர்ச்சியை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஒன்பது வருடமாகப் பெண்கள் வாங்கியது இதுதான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். துணி கட்டினோம். தூணுக்குச் சுற்றினோம், சுவர் நாலுக்கும் ஆணியடித்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம், அது நிற்கிற இடத்தைச் சுற்றி வெற்று வெளியில் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினோம். அடிக்குக் கட்டுப் போட்டால் அடி நின்றுவிடும் என்று உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் நினைத்திருக்க மாட்டான். அடி நிற்கவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது. வியாழக்கிழமை தெரு முழுக்கத் தறி ஓடும், மிச்சச் சத்தமும் அதில் அமுங்கிவிடும், ஆபீசருக்கு ஏதோ மயக்கம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நிம்மதியானோம்.

அவர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். வியாழக்கிழமை ஏதோ மீட்டிங்காம். செவ்வாய்க்கிழமை, மாதத்தில் ஒருநாள் கம்பி வேலைக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். ஒரு தறிகூட ஓடவில்லை. தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது, ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போட்ட சத்தம் கடைசி வீடு வரை கேட்டது. அலுவலர் பெயர் ஹெலன் தங்கம், நாற்பது வயதிருக்கும், கையில் ஃபைல். நான் ஓடிப்போய் ஆணியிலிருந்த துணியை நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"கன்னத்துல வச்சுக்கிட்டுப் போங்க மேடம். தூசி."

அவர் வாங்கவில்லை. படி தாண்டினார். கட்டியிருந்த துணி அத்தனையும் ஒரு தடவை படபடத்தது, அடி விழுந்தது, மூக்குக் கண்ணாடி பறந்துபோய் மூலையில் விழுந்தது. ஹெலன் தங்கம் குனிந்து கண்ணாடியை எடுத்தார், சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஃபைலைத் திறந்தார்.

"எங்க வீட்டுல இருக்கறது இதைவிடக் கனம்" என்றார். "அதுக்குக் கையும் உண்டு, ஆபீசும் உண்டு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் வரும். இது யாரோடதும்மா?"

"செத்துப்போன என் மகனோடது" என்றாள் சீனியம்மாள்.

"மருமகளுக்கு ஓங்குனதா?"

"ஆமா."

அவர் பேனாவை மூடினார். "அப்ப இந்த வீட்டுக்கு அவளை அனுப்பச் சொல்லி நான் எழுத மாட்டேன்மா. ஆறு நாளும் அவளைத் தேடித் தேடி அடிக்கும். ஜெயில்ல அவளை யாரும் அடிக்கறதில்ல."

தெருப் பேர் கெட்டுவிடுமே என்று குருவையா வாசலில் நின்றபடி கெஞ்சினார். "மேடம், ஒரு அடிதான? நாங்க எல்லாரும் பழகிட்டோம். அவளும் பழகுனவதான்."

"அதையும் எழுதறேன்" என்றார் அவர். "தெருக்காரங்க பழகிட்டாங்கன்னு."

கிளம்பத் திரும்பியவரைச் சீனியம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு பத்து நிமிசம் இருங்க. ஆட்சேபம் உண்டான்னு என்னக் கேக்கணும்ல. கேக்காமப் போனா எப்படி?"

அவள் நடந்து போய் அடுப்படிக்கும் தூணுக்கும் நடுவில் நின்றாள். எங்கள் தெருக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது, தறிக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. தறி ஓடாத அந்தத் தெருவில் அவள் குரல் குழாயடி தாண்டிக் கேட்டது.

"எம் மகன் அவள எட்டு வருசம் அடிச்சான். ரெண்டு பிள்ளைய வயித்துலயே கொன்னான். நான் பாத்தேன். கோர்ட்டுல நான் சொன்னது பொய். அன்னைக்குக் கை ஓங்குனப்ப நடுவுல நின்னது நான்தான், ஒதுங்கி வழி விட்டேன். எல்லா நாளும் வழி விட்டேன். ஏலே காளி, வா. இன்னைக்கு ஒதுங்கல. என்னத் தாண்டித்தான் நீ போகணும்."

துணிகள் அசையவில்லை. பிறகு அது பெற்றவளை அடித்தது.

ஒரு அடி என்று ஒன்பது வருடம் நினைத்திருந்தோம். ஓங்கின கைக்குள் எத்தனை மிச்சம் இருந்ததோ அத்தனையும் வந்தது. முதல் அடியில் அவள் காது கிழிந்தது. இரண்டாவதில் தூணில் போய் மோதி, அதையே பிடித்துக்கொண்டு எழுந்து, பழைய இடத்தில் வந்து நின்றாள். வாயிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. "இன்னும் இருக்கால? குடு" என்றாள். கண் மூடிப்போனது. தாடை ஒரு பக்கமாகப் போனது. அடிக்க அடிக்கத் தெறித்த ரத்தம் நாங்கள் கட்டிய வெள்ளைத் துணியிலெல்லாம் பட்டது. ஹெலன் தங்கம் ஃபைலை மார்போடு கட்டிக்கொண்டு அழுதார், ஆனால் தடுக்கவில்லை. வாசலில் முப்பது பேர் நின்றோம். ஒருத்தர்கூடப் படி தாண்டவில்லை.

எனக்கு என் மருமகள் நினைவு வந்தது. எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. சீனியம்மாள் தோளோடு தோளாகப் போய் நின்றேன். "எனக்கும் கேட்டுச்சு" என்று கத்தினேன். "எட்டு வருசமும் கேட்டுச்சு. ஒத்தச் செங்கல் சுவரு, எப்படிக் கேக்காமப் போகும்? என் மருமக பாத்ரூம்ல விழல." என் பங்குக்கு எனக்கும் விழுந்தது.

கடைசி அடி சீனியம்மாள் மேல் விழுந்தது. அது ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி தொப்பென்று விழுந்தது, விழுந்த பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த வீட்டில் காற்று வந்தது. சீனியம்மாள் கையைத் தூக்கி, தோள் உயரத்தில் துழாவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகையை, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, உட்கார்ந்து அழுதாள்.

ஹெலன் தங்கம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்து எழுதினார். "ஆட்சேபம் இல்லைன்னு போட்டுறவாம்மா?"

உடைந்த தாடையோடு சீனியம்மாள் தலையை ஆட்டினாள்.

சித்திரை முடிவில் சங்கரேஸ்வரி வந்தாள். இரண்டு பெண் போலீஸ் கூட வந்து வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். அவளுக்கு முடி பாதி நரைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் தெருவில் நின்றோம். நான் ஆரத்தித் தட்டு கொண்டுபோனேன், அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். படி தாண்டி உள்ளே போய், அடுப்படிக்கும் தூணுக்கும் நடுவில் நின்று, கண்ணை மூடிக் கன்னத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். ஒரு காது போய், முன்பல் இல்லாமல், கோணல் தாடையோடு சீனியம்மாள் நின்றிருந்தாள்.

"அது போயிருச்சு" என்றாள் சீனியம்மாள். "நான் கோர்ட்டுல சொன்னது பொய் தாயி."

"எனக்கெதுக்கு அத்தை அதச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா?"

அமைதியாகத்தான் சொன்னாள். சொன்னபடியே அவள் வலது கை மேலே போனது, அவளுக்கே தெரியாமல் போன மாதிரி போனது. தோள் உயரத்துக்கு வந்ததும் அப்படியே நின்றது. சங்கரேஸ்வரி அந்தக் கையைப் பார்த்து அழுதாள், இறக்கப் பார்த்தாள்.

சீனியம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள். அந்தக் கையைக் கீழே விடாமல் மணிக்கட்டோடு தாங்கிப் பிடித்து, இன்னும் ஆறாத கன்னத்தை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "பாதியில விட்டுராத தாயி. ஓங்கிட்டு விட்டா அது இங்கயே தங்கிரும். இன்னொருத்தி மேல விழும். அடிச்சு முடிச்சிரு."

சங்கரேஸ்வரி அடித்தாள். முழுசாக அடித்தாள். மரத்தடியில் இருந்த போலீஸ்காரிகள் எழுந்து நின்றார்கள், நாங்கள் எல்லாம் வாசலுக்கு ஓடினோம்.

உள்ளே சீனியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு தட்டு எடுத்துவைத்தாள். "உக்காரு, சோறு ஆறுது" என்றாள்.

"வாரேன் அத்தை" என்ற சங்கரேஸ்வரி, வாசலுக்கு வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். குருவையாவைப் பார்த்தாள், தட்டோடு நின்ற என்னையும் பார்த்தாள். பிறகு கதவை எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்தித் தாழ் போட்டாள். ஆறு நாளும் அந்தக் கதவை அவளே திறந்தாள், அவளே மூடினாள், எங்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை.